தத்துவம் சோறு போடுமா?

ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு அம்மா கேட்கிறார்: “பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், எம்.ஏ. தத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். சேர்க்கலாமா?”

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால், ரிசல்ட் வந்தபிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர ‘க்யூட் பி.ஜி.’ நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பம் வாங்கி, மார்ச்சில் தேர்வு வைக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர் என்றால் இப்போதே ஆங்கிலத்தில் வாசித்துப் பழகட்டும். நீங்கள் ஓ.பி.சி. பிரிவென்றால், மத்திய அரசுக்கான சான்றிதழ் தனி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றிலும் தத்துவம் உண்டு. வீட்டிலிருந்தே படிக்க ‘இக்னோ’ இருக்கிறது. அங்கே எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம்.

வேலை? பட்டம் மட்டும் போதாது. 55 சதவீத மதிப்பெண்ணோடு ‘நெட்’ தேர்வில் வென்றால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதிலேயே ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், ஆராய்ச்சி செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்விலும் தத்துவம் விருப்பப்பாடம். ஆனால் கல்லூரி இடங்கள் குறைவு, காத்திருக்க நேரலாம். அதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உறவினர் தந்த பழைய பாடப்புத்தகங்கள் கையில் இருந்ததால் தத்துவம் எடுத்தவர்தான் ராதாகிருஷ்ணன். உங்கள் மகளோ விரும்பிக் கேட்கிறார். விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கள் அம்மா.