தொடர்வதா, விடுவதா?

மல்லசமுத்திரத்தில், திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கக் கிளையில் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. பி.டி. ரகத்திற்கு ஒரு விலை, கொட்டு ரகத்திற்கு ஒரு விலை என்று பலரறிய விலை முடிவாகிறது. பணத்தைப் பெற்றுக்கொண்ட உழவர், விதைக்கும் உரத்திற்கும் ஆன செலவையும், களையெடுப்புக்கும் பஞ்செடுப்புக்கும் கொடுத்த கூலியையும் கழித்துப் பார்க்கிறார். அதன் பின்னரே அடுத்த போகத்திற்குப் பருத்தியா, மரவள்ளியா என்று முடிவு செய்கிறார். ஓர் எடுப்பில் பஞ்சு குறைந்துவிட்டதென்று செடியைப் பிடுங்கி எறிவதில்லை. ஆண்டுதோறும் நஷ்டம் தரும் பயிரைப் பழகிவிட்ட பாசத்தால் விதைத்துக்கொண்டிருப்பதும் இல்லை.

வீட்டிலிருந்தபடியே கைபேசி மூலம் கமிஷன் வணிகம் செய்யும் சகோதரிகளுக்கும் இந்தக் கணக்கறிவு இன்றியமையாதது. இன்று பல இல்லங்களில் இத்தொழில் நடைபெறுகிறது. ஒரு நிறுவனத்தின் பொருளைப் பற்றி வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ எடுத்துச் சொல்லி, அதற்குரிய லிங்க்கை அனுப்புகிறோம். அதன் வழியே சென்று எவரேனும் வாங்கினால் விற்பனைத் தொகையில் ஒரு பங்கு நமக்குக் கிடைக்கிறது. இதனையே அஃபிலியேட் திட்டம் என்கின்றனர். அமேசான் நிறுவனம் 1996ஆம் ஆண்டிலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இளம்பிள்ளைச் சேலைகளின் படங்களை அனுப்பி, விலையில் தம் இலாபத்தைச் சேர்த்து விற்கும் மறுவிற்பனை முறையும் இதற்கு நெருங்கிய உறவுடையதே.

முதலீடு இல்லாத தொழில் என்பதால் இதில் எளிதாக நுழைந்துவிடுகிறோம். ஆனால் எப்போது தொடர்வது, எப்போது விடுவது என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. சிலர் முதல் மாதத்திலேயே மனம் சோர்ந்து விட்டுவிடுகின்றனர். வேறு சிலரோ, வருமானம் ஏதுமின்றி ஆண்டுக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுகின்றனர். இவ்விரண்டும் கணக்கில்லாத முடிவுகளே.

முதலில் வருமானத்தைச் சரியாக அறிதல் வேண்டும். கைபேசித் திரையில் தோன்றும் தொகை வேறு, வங்கியில் வந்து சேரும் தொகை வேறு. வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதற்குரிய கமிஷனும் திரும்பிப் போய்விடும். அமேசான் திட்டத்தில், ஒரு மாதத்துக் கமிஷன் அம்மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள்களுக்குப் பின்னரே வழங்கப்படுகிறது. நம் லிங்க்கைத் தொட்டவர் பொதுவாக 24 மணி நேரத்திற்குள் பொருளைத் தெரிவு செய்தாக வேண்டும். நம் லிங்க் வழியே நாமே வாங்கிக்கொண்டால் கமிஷன் கிடையாது. ஆகவே, கையில் வந்த தொகையை மட்டுமே வரவில் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மல்லசமுத்திரத்தில் ஒரு குடும்பத் தலைவி நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் இப்பணியில் ஈடுபடுகிறார் என வைத்துக்கொள்வோம். 180 நாள்களில் 270 மணி நேரம் ஆகிறது. இக்காலத்தில் வங்கிக்கு வந்த கமிஷன் 5,400 ரூபாய். இதற்கென்றே செய்த கூடுதல் ரீசார்ஜ் 600 ரூபாய். படமெடுத்துக் காட்டுவதற்காக வாங்கிய பொருள்கள் 1,200 ரூபாய். எஞ்சுவது 3,600 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 13 ரூபாய்! அதே நேரத்தில் ரவிக்கை தைத்தால் என்ன கிடைக்கும், பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேறு வேலைக்கு வழியில்லாத, ஓய்வாகக் கிடக்கும் நேரம்தான் இது என்றால் 13 ரூபாயும் வரவே. தொழுகையையும், பிள்ளைகளின் பாடத்தையும், உறக்கத்தையும் குறைத்துப் பெற்ற நேரம் என்றால் அது நஷ்டமே.

அவசரமும் கூடாது. விற்பனை எல்லா மாதங்களிலும் ஒரே அளவாக இராது. ரமளான், தீபாவளி, பொங்கல் காலங்களில் ஏறும். மற்ற மாதங்களில் இறங்கும். எனவே, குறைந்தது ஆறு மாதம், அதில் ஒரு பண்டிகைக் காலமும் அடங்குமாறு தவணை வைத்துக்கொள்வது நலம். தொடங்கும் நாளிலேயே, 'இந்தத் தேதிக்குள் இவ்வளவு வராவிட்டால் விட்டுவிடுவேன்' என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முன்னரே எழுதிய எல்லை, பின்னர் தோன்றும் ஆசைக்கும் சோர்வுக்கும் வளைந்து கொடுக்காது. அத்தேதியில் வரவு எல்லையை எட்டாவிட்டாலும் மாதந்தோறும் ஏறுமுகமாக இருந்தால், ஒரே ஒரு தவணை மட்டும் நீட்டிப்பதில் தவறில்லை.

நம்முடைய உழைப்பில் குறையில்லாமலே திட்டம் மாறிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அமேசான் தன் கமிஷன் விகிதங்களைக் குறைத்தது. வீட்டு உபயோகப் பொருள்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆயிற்று; மளிகைப் பொருள்களுக்கு 5 சதவீதமாக இருந்தது 1 ஆயிற்று. அதே எண்ணிக்கையில் விற்றும் வருமானம் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் 2015இல் தோன்றிய மீஷோ நிறுவனம், வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்களை முன்வைத்தே வளர்ந்தது. 2021 வாக்கில் வாங்குவோரிடம் நேரடியாகவே விற்கும் முறைக்குத் திரும்பியது. நிறுவனங்கள் தம் இலாபத்திற்கேற்ப வழியை மாற்றுவது வணிகத்தில் இயல்பே. ஆயினும், அத்தகைய மாற்றம் வரும் நாளில் நாமும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய விகிதத்தை நினைத்துக்கொண்டு புதிய விகிதத்திற்கு உழைக்கக் கூடாது.

சில திட்டங்களைத் தவணை பாராமல் அன்றே விட்டுவிட வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் கேட்பவை, ஆள் சேர்ப்பதற்காகவே பணம் தருபவை ஆகியன வணிகமே அல்ல. நேரடி விற்பனை நிறுவனங்கள் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதையும், பிரமிடு திட்டம் நடத்துவதையும் 2021ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவற்றை விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டுச் சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. வட்டிக் கடன் செயலிகளும் பெரிய கமிஷன் தருவதாக அழைக்கக்கூடும். சூதும் வட்டியும் நமக்கு விலக்கப்பட்டவை. அவற்றிற்கு வழிகாட்டிப் பெறும் கமிஷன் மட்டும் எவ்வாறு தூய்மையாகும்?

இவை எல்லாவற்றினும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அது நாணயக் கணக்கு. நம் லிங்க்கைத் தொடுவோர் யார்? நாத்தனாரும், பக்கத்து வீட்டு அக்காவும், மத்ரஸாவில் உடன் பயின்ற தோழியுமே. அவர்கள் நிறுவனத்தை நம்பி வாங்குவதில்லை. நம்மை நம்பி வாங்குகின்றனர். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 'கமிஷன் இல்லாவிட்டாலும் இப்பொருளை இவருக்கு நான் சொல்வேனா?' என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்ற விடை அடிக்கடி வருமாயின், வருமானம் எவ்வளவு இருப்பினும் அத்திட்டத்தை விடும் காலம் வந்துவிட்டது. திருப்பி அனுப்பப்படும் பொருள்கள் பெருகுவதும், உறவினர் நம் செய்திகளுக்கு மறுமொழி கூறாமல் ஒதுங்குவதும் அதற்கான அறிகுறிகளே.

கமிஷன் பெறுவதை மறைக்கவும் வேண்டாம். சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்போர் அதனால் தமக்குக் கிடைக்கும் ஆதாயத்தைத் தெளிவாக, பரிந்துரைக்கும் மொழியிலேயே சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டி வெளியிட்டது. 'இதில் வாங்கினால் எனக்குச் சிறிது கமிஷன் கிடைக்கும்' என்று ஒரு வரி எழுதுவதால் வாடிக்கை குறைந்துவிடாது, மதிப்பே கூடும்.

விடுவதென்று முடிவு செய்தால் முறையாக விடுங்கள். வர வேண்டிய தொகை வந்து சேர்ந்த பின்னரே கணக்கை மூடுங்கள். பழைய லிங்க்குகளை நீக்குங்கள். வழக்கமாக வாங்குவோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்றைக்கே மற்றொரு திட்டத்தில் சேர்ந்துவிடாமல், குறிப்பேட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்தப் பொருள் நன்றாக விற்றது, யார் மீண்டும் வாங்கினர் என்ற விவரம் அடுத்த தொழிலுக்கு விதையாகும்.

ஒரு திட்டத்தை விட்டால் இன்னொன்று கிடைக்கும். ஆனால், 'அந்தச் சகோதரி சொன்னால் சரியாக இருக்கும்' என்று ஊரார் சொல்லும் நற்பெயர் எந்த நிறுவனத்திலும் கிடைக்காது. அதைக் குறைக்காத வணிகத்தைத் தொடருங்கள். அதைக் குறைக்கும் வணிகத்தை விடுங்கள்.