தடுமாறும் பிள்ளைக்குக் கைகொடுங்கள்



அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால் தெருவுக்கே பெருநாள்தான். "டொக்டர் மாப்பிள்ளை" என்று கலியாணப் பேச்சும் படியேறி வந்துவிடும். ஆனால், போன இடத்தில் அந்தப் பிள்ளை படும் பாட்டை எத்தனை பேர் அறிவோம்?

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். இன்றோ, உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை ஐந்து வருடம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். கொழும்பிலும் காலியிலும் வார்ட்டுக்குப் போனால் நோயாளி சிங்களத்தில் நோவைச் சொல்வார். அதன் பின்னர் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதம். இரவுக் கடமை முடித்த கண்ணோடு மறுநாளும் நிற்க வேண்டும். அதைத் திருப்தியாக முடித்தால்தான் மருத்துவ சபையில் முழுப் பதிவு கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு பிள்ளை தடுமாறினால் உடனே சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். மொழி தடையாக இருக்கலாம். தூக்கமின்மை, மனச்சோர்வு, வீட்டுக் கஷ்டம், பலர் முன்னால் ஏச்சு வாங்கிய வெட்கம், எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுக்கலாமா?

அதற்காகக் குறையை மூடி மறைக்கவும் கூடாது. மறுபக்கத்தில் ஒரு நோயாளியின் உயிர் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஒருவர் அவசர அவசரமாகத் தொழுதார். நபியவர்கள் அவரை மூன்று முறை திருப்பித் தொழச் சொன்னார்கள். "எனக்குக் கற்றுத் தாருங்கள்" என்று அவர் கேட்டபோது, திட்டாமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். தொழுகையின் தரமும் குறையவில்லை. மனிதரின் மானமும் போகவில்லை. மூத்த வைத்தியர்களுக்கும் பெற்றோருக்கும் இதிலே பாடம் இருக்கிறது.

சகோதரிகளே! நீங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. போன் எடுத்தவுடன் "சோதனை பாஸா?" என்று கேட்காதீர்கள், "சாப்பிட்டியா மகன், நித்திரை கொண்டாயா?" என்று கேளுங்கள். மாமி மகனோடு ஒப்பிடாதீர்கள். பரீட்சை முடியும்வரை கலியாணப் பேச்சைத் தள்ளிவையுங்கள். ஒரு தடவை தவறினால் மீண்டும் எழுத வழியுண்டு என்பதை நினைவூட்டுங்கள். விரிவுரையாளரிடமோ சிரேஷ்ட மாணவரிடமோ மனம் திறந்து பேசத் தைரியம் கொடுங்கள். பிள்ளை பேச்சைக் குறைத்து, உண்ணாமல், உறங்காமல், வாழ்க்கையே வெறுத்ததுபோலத் தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். மனநல வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியம் படிப்பவருக்கும் வைத்தியம் தேவைப்படும். அது வெட்கமல்ல.

இன்று நாம் தாங்கிப் பிடிக்கும் கைதான் நாளை நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு தாயின் நாடியைப் பிடிக்கும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் பாதையை இலகுவாக்குவானாக. ஆமீன்.