விருத்தாசலத்திலிருந்து ஆன்லைன் விற்பனை: உங்க ஜிஎஸ்டி ஓடிபி யார் போனுக்குப் போகுது?

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசு நிறுவனமும் இருக்கிறது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கப், ஜாடி என்று சூளையிலிருந்து இறங்கும் சரக்கு முன்பெல்லாம் மொத்த வியாபாரி கைக்குத்தான் போகும். இன்றைக்கு அதையே போனில் படம் பிடித்து இன்ஸ்டாகிராமிலோ மீஷோவிலோ அமேசானிலோ போட்டு, வீட்டிலிருந்தே பேக் செய்து அனுப்ப முடிகிறது. போட்டோ, பேக்கிங், கூரியர் எல்லாவற்றையும் யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். வரி என்று வந்ததும்தான் கை நடுங்குகிறது. உடனே தெரிந்தவர்களிடம் கேட்பது, "நல்ல ஆடிட்டர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

ஆடிட்டரைத் தேடுவதற்கு முன்னால், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் சட்டம் என்று ஆகிவிடும்.

புதுச்சேரிக்கு ஒரு பார்சல்

"நமக்கென்ன, 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி வேண்டாமே" என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் சரி. தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது மாநிலத்துக்குள் விற்பவருக்கான சலுகை. பொருள் எல்லை தாண்டினால் கதை வேறு. வரி விதிக்கப்படும் பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-வது பிரிவு.

இதை நம்ம ஊர் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னைக்கு ஒரு கப் அனுப்பினால் அது மாநிலத்துக்குள் விற்பனை. கடலூரைத் தாண்டினதும் வருகிற புதுச்சேரிக்கு அதே கப்பை அனுப்பினால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை. பக்கத்து ஊர்தானே என்று அனுப்பும் ஒரு பார்சல், 40 லட்சம் கணக்கையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடுகிறது.

அமேசான், மீஷோ போன்ற தளங்கள் வழியாக விற்க முன்பு எவ்வளவு சின்ன வியாபாரியாக இருந்தாலும் பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் இதைத் தளர்த்தினார்கள். வரம்புக்குள் இருப்பவர்கள் பான் எண்ணை வைத்து ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். ஆனால் அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கையின்படி, பட்டியலில் உள்ள கைவினைப் பொருட்களை வேறு மாநிலத்துக்கு நேரடியாக விற்பவர், ஆண்டு விற்பனை ரூ.20 லட்சத்துக்குள் இருந்தால், பதிவு இல்லாமலே அனுப்பலாம். களிமண் சமையல் பாத்திரங்களும் அலங்கார செராமிக் பொம்மைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெரும்பகுதி கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அச்சில் ஊற்றி எடுத்து, கையால் வண்ணம் தீட்டிய பொம்மை இதில் வருமா? இதுதான் ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இரண்டாவது, இ-வே பில். இந்த விலக்கில் வெளிமாநிலம் போகும் கைவினைப் பொருளுக்கு, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் போட வேண்டும். ரூ.300 கப்புக்கும்தான். எழுதியவர்கள் ஒரு நாளாவது பார்சல் கட்டியிருந்தால் இப்படி ஒரு விதி வந்திருக்காது.

வரி விகிதமும் பொருளுக்குப் பொருள் மாறும். மண்பானை, மண் விளக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது. பீங்கான் கப், தட்டுக்கு 12% ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகிவிட்டது. வாஷ் பேசின் போன்ற சானிட்டரி சாமான்களுக்கு 18%. வரியே இல்லாத பொருளை மட்டும் விற்பவருக்கு எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. மேலே கிளேஸ் பூசிய விளக்கு 'மண் விளக்கு'தானா என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

சிறு விற்பனையாளருக்கு வரம்பு என்று ஒன்று வைத்துவிட்டு, மாநில எல்லையில் அதைப் பிடுங்கிக்கொள்வது நியாயமில்லை என்பதே நம் கருத்து. ஆன்லைன் சந்தைக்கு மாநில எல்லை கிடையாது. தளங்கள் வழியாகப் பல மாநிலங்களுக்கு விற்கும் சிறியவர்களுக்கு எளிய பதிவு முறை வேண்டும் என்பதை 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலே கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. பதிவை எளிதாக்கினால் மட்டும் போதாது, வரம்பையும் பார்சலோடு சேர்த்து எல்லை தாண்ட விட வேண்டும்.

அக்கவுண்டில் வந்ததுதானே வருமானம்?

இல்லீங்க. ஒரு உத்தேசக் கணக்கு போடலாம். ஒரு கப் ரூ.525-க்கு விற்கிறது. அதில் பொருளின் விலை 500, ஜிஎஸ்டி 25. தளம் கமிஷன், டெலிவரி என்று 150 ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியாக 27 ரூபாயும் பிடிக்கிறது. 0.5% ஜிஎஸ்டி டிசிஎஸ் ரூ.2.50, 0.1% வருமான வரி டிடிஎஸ் 50 பைசா. உங்கள் கணக்குக்கு வருவது ரூ.345.

பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு எழுதுபவர் விற்பனை 345 என்று எழுதுவார். வரித்துறை பார்ப்பது 500. தளம் தாக்கல் செய்யும் விவரம் அப்படியே உங்கள் ஏஐஎஸ் அறிக்கையில் வந்து நிற்கும். வித்தியாசம் இருந்தால் நோட்டீஸ்.

பதிவு பெற்றவருக்கு அந்த 27 ரூபாய் உள்ளீட்டு வரியாகக் கழியும், பதிவில்லாதவருக்கு அது போனது போனதுதான். டிசிஎஸ் பணமும் தானாக வந்து விழாது. ஜிஎஸ்டி தளத்தில் அதை ஏற்றுக்கொண்டால்தான் ரொக்கக் கணக்கில் ஏறும். இதைச் செய்யாமல் விடுவது ரொம்ப சாதாரணம். ஆன்லைன் விற்பனையாளருக்குக் கணக்கு பார்த்த அனுபவம் ஒருவருக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? "டிசிஎஸ் கிரெடிட்டை எப்படி எடுப்பீங்க சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் சரக்குக்கு இன்னொரு தலைவலி, உடைசல். திரும்பி வந்த பொருளுக்கு கிரெடிட் நோட் போட்டால் விற்பனை குறையும். உடைந்து குப்பைக்குப் போன பொருளை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் உடைந்ததைப் படம் எடுத்து, தேதியோடு ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி வையுங்கள். பில், கணக்கு எல்லாம் குறைந்தது ஆறு வருஷம் கையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது என்று கேட்பவர்களுக்கு, 2025 ஜூலை நினைவிருக்கட்டும். கர்நாடக வணிக வரித்துறை யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் க்யூஆர் ஸ்டிக்கரையே கிழித்தார்கள். பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போனது. வரி இல்லாத பொருளுக்கும் வரி உள்ள பொருளுக்கும் தனித்தனிக் கணக்கு காட்ட முடிந்தவர்கள் பதில் சொல்ல முடிந்தது.

வருமான வரி இதைவிட எளிது

பழைய சட்டத்தில் 44ஏடி என்று எல்லோருக்கும் பழகிய அனுமானத் திட்டம், 2026 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் தொடர்கிறது. டிஜிட்டலாக வந்த விற்பனையில் 6%, ரொக்கத்தில் 8% லாபம் என்று காட்டினால் விரிவான கணக்குப் புத்தகம் தேவையில்லை. உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 6% போடுகிறவர் உங்களுக்கு உதவுவதாக நினைக்காதீர்கள். 30 லட்சம் விற்று 1.8 லட்சம் லாபம் காட்டியவருக்கு, பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி அந்த 1.8 லட்சத்தைத்தான் பார்க்கும்.

புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. ஆனாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கவும் ரிட்டர்ன்தான் வழி.

ஆடிட்டர் என்றால் யார்?

நம்ம ஊரில் வரி ரிட்டர்ன் போடுகிற எல்லாருமே ஆடிட்டர்தான். சட்டப்படி தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடக்கூடியவர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் மட்டும். ஐசிஏஐ அமைப்பில் உறுப்பினரா என்று அதன் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் தரும் சான்றிதழில் யுடிஐஎன் என்ற எண் இருக்கும், அதையும் ஆன்லைனில் சரிபார்க்கலாம். விளம்பரம் செய்து ஆள் பிடிக்க அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் பெரிய போர்டு வைத்து, "ரீஃபண்டில் இத்தனை பர்சென்ட் கொடுத்தா போதும்" என்று பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். சிஏக்கள் அப்படிக் கட்டணம் வாங்குவது பொதுவாக அவர்களுடைய நடத்தை விதிக்கே விரோதம்.

ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாத வியாபாரத்துக்கு, 10 கோடி வரை வரித் தணிக்கையே கட்டாயமில்லை. மாத ஜிஎஸ்டி வேலைக்கு, ஜிஎஸ்டி தளத்தில் பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனர் போதும். அவர்களைத் தேடும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. நோட்டீஸ் வந்தாலோ, மேலே சொன்ன கைவினை விலக்கு போன்ற சந்தேகம் வந்தாலோ, ஒரு முறை சிஏவிடம் பணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவர் கடலூரிலோ சிதம்பரத்திலோ இருந்தாலும் பரவாயில்லை.

கட்டணம் பேசும்போது எதெல்லாம் சேர்த்தி என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ரிட்டர்ன் மட்டுமா, தளத்தின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுமா, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதற்குத் தனியா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பதிவு செய்யும்போது கொடுக்கும் மொபைல் எண், இமெயில். "உங்களுக்கு எதுக்கு சார் தொந்தரவு" என்று தன் எண்ணையே போட்டுவிடும் ஆட்கள் உண்டு. அப்புறம் ஓடிபி அவருக்கு, நோட்டீஸ் அவருக்கு, கெடு தாண்டியது மட்டும் உங்களுக்கு. அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் ஜிஎஸ்டி கணக்குக்குள் நீங்களே நுழைய முடியாது. பாஸ்வேர்டும் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் கணக்கில் பிராக்டிஷனரை இணைக்கவும் நீக்கவும் ஜிஎஸ்டி தளத்தில் வசதி உண்டு. அவர் தன் லாகினிலிருந்து வேலை செய்வார், நீங்கள் ஒப்புதல் கொடுப்பீர்கள்.

ஏற்கெனவே வேறொருவர் எண் ஏறிவிட்டதா? உங்கள் பகுதிக்கான ஜிஎஸ்டி அதிகாரியிடம் அடையாள, வணிக ஆவணங்களோடு போனால் மாற்றித் தருவார். மாற்றின கையோடு உள்ளே போய் எத்தனை ரிட்டர்ன் பாக்கி என்று பாருங்கள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. போடாவிட்டால் நாளுக்கு ரூ.20 தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும், ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவே ரத்தாகலாம். பூஜ்ய ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னை 14409 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம், பதிவில் உங்கள் மொபைல் எண் இருந்தால்.