வரிசையில் நிற்கும் கற்கள்

என் இளமையில், மண்ணெண்ணெய் வாங்குதற்காக விடியுமுன்னரே பங்கீட்டுக் கடைக்குச் செல்வதுண்டு. அவ்வேளையில் ஆங்கு ஆளொருவரும் இரார். ஆயினும் வரிசை இருக்கும். கடை வாயிலினின்று தெருமுனை வரை செங்கல்லும் கருங்கல்லும் கிழிந்த பையும் துருவேறிய தகரமுமாக அவ்வரிசை நீண்டு கிடக்கும். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னே ஓர் ஆள் உண்டு என்பது ஊரார் நம்பிக்கை. கடை திறந்த பின்னரோ பாதிக் கற்களுக்கு உரியவர் வரவே மாட்டார். ஒருவரே மூன்று கல் வைத்திருப்பார். தம் கல்லின் இடத்தை எட்டணாவுக்கு விற்றுச் சென்றவரும் உண்டு. கால்கடுக்க நின்ற கிழவியோ, 'எண்ணெய் தீர்ந்தது' என்னும் சொல்லைக் கேட்டு வெறுங்கலத்தோடு திரும்புவாள்.

இச்சிறு காட்சி, இன்று உலகின் பெருநாடுகள் சிலவற்றில் மிகப் பெரிய அளவில் நடந்து வருகின்றது. ஆங்குப் பங்கிடப்படும் பண்டம் மண்ணெண்ணெய் அன்று. மின்வலையில் இணையும் உரிமை. வரிசையில் கிடப்பவை செங்கற்கள் அல்ல. தாளில் மட்டுமே எழுந்து நிற்கும் காற்றாலைகளும், கதிரவ மின்னாக்க நிலையங்களும், மின்கலத் தொகுதிகளும் ஆகும்.

மின்னாக்க நிலையம் ஒன்றைக் கட்டி முடித்துவிட்டால் மட்டும் எவர் வீட்டிலும் விளக்கு எரிந்துவிடாது. அந்நிலையம் நாட்டின் கம்பித்தடத்தோடு இணைதல் வேண்டும். இணைக்குமுன், அப்புது வரவைக் கம்பிகள் தாங்குமா, மின்மாற்றிகள் பொறுக்குமா, எங்கேனும் ஒரு தடம் அறுந்தால் எஞ்சியவை நிலைநிற்குமா என்றெல்லாம் ஆராய்தல் வேண்டும். தாங்காதெனின், புதுத் தடமோ புதுத் துணைமின் நிலையமோ அமைத்தல் வேண்டும். இவ்வாய்வுக்குக் காலம் பிடிக்கும்; அமைப்புக்கோ ஆண்டுகள் பிடிக்கும். ஆதலின் இணைய விரும்புவோர் வரிசையில் நிற்கின்றனர். முன்வந்தவர்க்கு முன்னுரிமை என்பதே பல்லாண்டுகளாக அவ்வரிசையின் விதியாக இருந்தது.

இவ்விதியைப் பேதைமை என்று எள்ளி ஒதுக்குதல் தகாது. அதற்கும் ஒரு நேர்மையான பிறப்பு உண்டு. அமெரிக்க நாட்டில் கம்பித்தடங்களை உடைய நிறுவனங்களே மின்னாக்க நிலையங்களையும் உடையனவாக இருந்தன. தம் நிலையத்திற்கு வாயிலைத் திறந்தும், பிறர் நிலையத்திற்கு அதனை அடைத்தும் வைக்க அவற்றால் இயன்றது. அதனைத் தடுக்கவே, அந்நாட்டுக் கூட்டாட்சி ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையம் 1996 ஆம் ஆண்டில் தம் 888 ஆம் ஆணையால் கம்பித்தடங்களை எல்லார்க்கும் திறந்துவிடச் செய்தது. 2003 ஆம் ஆண்டில் புது நிலையங்களை இணைத்தற்குரிய பொதுநடைமுறையையும் வகுத்தது. யார் என்று பாராதே, எப்பொழுது வந்தான் என்று மட்டும் பார் என்பதே அதன் உட்பொருள். வாயிற்காவலனின் விருப்பு வெறுப்பை அறுக்கும் வாளாக அவ்வரிசை அன்று விளங்கியது.

அவ்வாள் மழுங்கியது எங்ஙனம்? வரிசையில் இடம்பிடித்தற்கு ஆகும் செலவு சிறிதாகவும், பிடித்த இடத்தின் மதிப்புப் பெரிதாகவும் இருந்தமையே முதற் கரணியம். நிலமும் இல்லை, பணமும் இல்லை, கட்டும் எண்ணமும் இல்லை. எனினும் ஒரு வேண்டுகையைப் போட்டுவைத்தால், பின்னொரு நாள் அவ்விடத்தை நல்ல விலைக்கு விற்கலாம். எந்த இடத்தில் இணைத்தால் செலவு குறையும் என்று முன்கூட்டி அறிய வழியின்மையால், மெய்யாகவே கட்ட விரும்பியவருங்கூட ஒரு நிலையத்திற்காக நாலைந்து இடங்களில் வேண்டுகை போட்டுவைத்தனர். கல் ஒன்று வைக்க வேண்டிய இடத்தில் ஐந்து கல் வைத்தனர் என்க.

விளைவை எண்களால் அறியலாம். 2023 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க வரிசைகளில் நின்ற மின்னாக்கத்தின் அளவும் சேமிப்பின் அளவும் சேர்ந்து ஏறத்தாழ 26 இலக்கம் மெகாவாட்டு எனப் பெர்க்கிலி நகரிலுள்ள இலாரன்சு ஆய்வகம் கணக்கிட்டது. அந்நாட்டில் அன்று இயங்கிய நிலையங்கள் அனைத்தின் ஆற்றலைப் போல் இது இருமடங்கு! ஆயின், 2000 முதல் 2018 வரை வரிசையில் புகுந்த திட்டங்களுள் 2023 இறுதிக்குள் கட்டி முடிக்கப்பட்டவை 19 விழுக்காடு மட்டுமே. ஆற்றல் அளவால் 14 விழுக்காடே. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வேண்டுகை போட்ட நாள் முதல் மின் வழங்கும் நாள் வரை ஈராண்டுக்கும் குறைவாகவே பெரும்பாலும் ஆயிற்று. 2023 இல் அஃது ஏறத்தாழ ஐந்தாண்டாக நீண்டுவிட்டது.

கல் வெறுமனே கிடந்தால் இடத்தைத்தானே அடைக்கும், பிறர்க்கு வேறென்ன கேடு என வினவலாம். ஈண்டுதான் மின்வலையின் தனித்தன்மையை உணர்தல் வேண்டும். பத்தாம் இடத்தில் நிற்பவனை ஆராயும்போது, அவனுக்கு முன்னுள்ள ஒன்பதின்மரும் கட்டியே தீர்வர் என்று கொண்டே ஆராய்வர். கம்பி தாங்கும் எல்லையை எவன் கடக்கின்றானோ, அவன் தலையிலேயே புதுத் தடத்தின் செலவைச் சுமத்துவது அந்நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாயிருந்தது. அச்செலவைக் கேட்டு அவன் விலகிடின், அச்சுமை அடுத்தவன் தலையில் விழும், அவனும் ஓடுவான். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின்னுள்ளார் அனைவரையும் மீண்டும் ஆராய்தல் வேண்டும். கல்லொன்று உருண்டால் வரிசை முழுதும் சரிகின்றது!

பிரித்தானியாவின் நிலை வேறொரு பாடம் சொல்லும். 1882 ஆம் ஆண்டில் இலண்டன் ஓல்பன் பாலத்தருகே நிலக்கரியால் மின்னாக்கத் தொடங்கிய அந்நாடு, இரட்கிளிப்பு என்னும் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 ஆம் நாள் மூடியது. அந்நாட்டின் கம்பித்தடம், இரட்கிளிப்பைப் போன்ற ஈராயிரம் மெகாவாட்டுப் பெருநிலையங்கள் சிலவற்றைப் பெருநகர்களோடு பிணைக்கவே நெய்யப்பட்டது. இக்காலோ வடகடலின் நடுவிலும் இசுக்காத்துலாந்து மலைச்சரிவிலும் வயல்வெளிகளிலுமாக ஆயிரக்கணக்கான சிறியவும் பெரியவும் வாயிலைத் தட்டுகின்றன. 2024 ஆம் ஆண்டில் அவ்வரிசை 7 இலக்கம் மெகாவாட்டைக் கடந்தது. அந்நாடு கடுங்குளிர் மாலையில் துய்க்கும் உச்ச அளவோ ஏறத்தாழ 50,000 மெகாவாட்டு! நிலமும் ஒப்புதலும் பணமும் கையில் வைத்திருந்தோர் பலர்க்கு, 2030 இற்குப் பின் வருக என்னும் விடையே கிடைத்தது.

என்ன செய்தனர்? 2023 நவம்பரில், குறித்த கட்டங்களைக் குறித்த காலத்தில் எய்தாதாரை வரிசையினின்று நீக்கும் உரிமையை, அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பாகிய ஆப்செம் வழங்கியது. 2024 அக்குதோபர் முதல் நாளில் மின்வலையின் இயக்கம் அரசுடைமையான தனி அமைப்பின் கைக்கு வந்தது. 2025 ஏப்பிரலில் பழைய விதியே மாற்றப்பட்டது: முன்வந்தவன் என்பது போய், அணியமானவனும் நாட்டுக்குத் தேவையானவனுமே முதல் என்றாயிற்று. அமெரிக்க ஆணையமும் 2023 சூலையில் தம் 2023 ஆம் ஆணையால், ஒருவர் பின் ஒருவராக ஆராய்வதை விடுத்துக் கூட்டங் கூட்டமாக ஆராயவும், முதலில் அணியமானவரை முதலில் கொள்ளவும் விதித்தது.

இம்மாற்றம் வேண்டியதே என்பது என் கருத்து. தமிழில் 'முறை' என்னும் ஒரு சொல்லே, அடுத்தடுத்து வரும் ஒழுங்கையும் குறிக்கும்; நயன்மையையும் குறிக்கும். முறைப்படி நீர் பாய்ச்சுதல் என்பது முன்னது. முறை செய்தல் என்பது பின்னது. ஒரு சொல்லுக்குள் இவ்விரு பொருளையும் வைத்த நம் முன்னோர், இவை இணைந்து செல்ல வேண்டும் என்பதை உணர்ந்தே வைத்தனர் போலும். எங்கள் ஊர் ஏரியில் நீர்ப்பாய்ச்சி மடை திறந்துவிடும்போது, முறைக்குரியவன் வயலை உழாமல் போட்டிருந்தால் அவனுக்காக நீர் காத்து நில்லாது. அடுத்த வயலுக்குச் செல்லும். அதனை எவரும் கொடுமை என்றதில்லை. உழாத வயலுக்கு முறை கேட்பதே கொடுமை.

ஆயினும், கல்லை அகற்றும் கை ஆளையும் அகற்றிவிடலாகாது. என் அச்சமெல்லாம் இதுவே. அணியம் என்பதை எதனைக் கொண்டு அளப்பது? பணத்தைக் கொண்டு அளந்தால், பெருமுதலாளியே என்றும் அணியமானவன். ஊர்மக்கள் கூடி எழுப்ப விழையும் சிற்றாலை என்றும் அணியமற்றது. கல் வைத்தவனை விரட்டுகின்றோம் என்று சொல்லி, சுருக்குப்பை சிறுத்த கிழவியை விரட்டுவதாக அது முடியும். 'தேவையானவன்' என்னும் சொல்லோ இன்னும் நுண்ணிய கத்தி. தேவையை வரையறுப்பவர் யார்? பிரித்தானியத் திட்டத்தில், ஒரு வகைக்கு ஒதுக்கிய அளவு நிரம்பிவிட்டால், அவ்வகையில் அணியமாக நிற்பவரும் வெளியே நிற்க நேரும். மின்கலத் தொகுதிகள் தேவைக்கு மேல் குவிந்தமையால் இந்நிலை பலர்க்கு வாய்த்தது. நாட்டுத் திட்டத்திற்கு அது வேண்டியதாகலாம். ஆனால் எந்த வாயிற்காவலனின் விருப்பத்தை அறுக்க வரிசை பிறந்ததோ, அவ்விருப்பம் மீண்டும் நாற்காலியில் அமர இடமுண்டு என்பதை மறத்தல் ஆகாது.

ஆகவே வரிசையைச் சீர்செய்வோர் நான்கினைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பேன்.

முதலாவது, அணியத்தைப் பணத்தால் அளவாது செய்த வேலையால் அளத்தல். அமெரிக்க ஆணை இதில் பாதி வழி வந்துள்ளது. வேண்டுகை போடும்போதே வேண்டிய நிலத்தில் 90 விழுக்காட்டிற்கு உரிமை காட்டச் சொன்னது. சட்டத்தடை உள்ள இடங்களிலன்றி, நிலத்திற்கு மாற்றாகப் பணத்தைக் கட்டி நுழைவதை ஒழித்தது. ஆயின் 200 மெகாவாட்டும் அதற்கு மேலுமான நிலையத்திற்கு, ஆய்வுக்கென மட்டும் 2,50,000 டாலர் முன்வைப்பும், அதற்கும் மேற்பட்ட பொறுப்புத்தொகையும் கேட்டது. பெரியவனுக்கு இது பொருட்டன்று. சிறியவனுக்கும் ஊர்க்கூட்டுறவுக்கும் வேலையின் சான்றே பெரும்பங்காகவும், பணம் சிறுபங்காகவும் அமைதல் வேண்டும்.

இரண்டாவது, வரிசை எல்லார் கண்ணுக்கும் தெரிதல். எவன் எங்கே நிற்கின்றான், எவன் எதற்காக நீக்கப்பட்டான், எந்தத் துணைமின் நிலையத்தில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்பன வெளிப்பட இருப்பின், ஐந்து கல் வைக்க வேண்டிய தேவையும் இராது. இருட்டில் கல் மாற்றவும் இயலாது.

மூன்றாவது, காத்திருப்போனுக்குக் கெடு விதிப்போர் தமக்கும் கெடு விதித்துக்கொள்ளல். கடைக்காரன் பொழுதுக்குத் திறவாதிருந்துவிட்டு, வரிசை நீண்டதென்று மக்கள்மேல் சினப்பது எங்ஙனம் பொருந்தும்? அமெரிக்க ஆணை, இயன்றவரை முயன்றோம் என்னும் பழைய சாக்கை நீக்கி, ஆய்வைக் காலத்தில் முடிக்காத தட உடைமையாளர்க்கு வேலைநாள் ஒன்றுக்கு 1,000 டாலர் முதல் தண்டம் விதித்தது. அவ்வாணையின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பேன்.

நான்காவது, வாய்க்காலை முன்னே வெட்டுதல். எத்துணைத்தான் கற்களை அகற்றினும், கடையில் எண்ணெய் வராவிடில் வரிசை குறையாது. பிரித்தானியர் 2010 இல், பெருந்தடம் வலுப்படுமுன்னரே நிலையங்களை இணைத்துக்கொள்ளும் வழியை மேற்கொண்டனர். வரிசை குறைந்தது; ஆனால் தடம் நெருங்கிப்போய், காற்று வீசும் நாளில் இசுக்காத்துலாந்துக் காற்றாலைகளுக்குப் பணம் கொடுத்து அவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. வாய்க்கால் வெட்டாமல் மடையை மட்டும் திறந்ததன் பயன் அஃது.

இஃது அயலார் சிக்கல், நமக்கென்ன என்று வாளாவிருத்தல் கூடாது. இங்கும் மாநிலங்களுக்கிடையிலான கம்பித்தடத்தில் இணைய விரும்புவோர்க்கு, நடுவண் மின்னாற்றல் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது; கட்டணமும் வங்கிப் பொறுப்புறுதியும் நிலச்சான்றும் கேட்டது. ஆரல்வாய்மொழியில் காற்று ஆண்டுதோறும் தவறாது வருகின்றது; அது வரிசை பார்ப்பதில்லை. அக்காற்றை மின்னாக்கி வலைக்குள் விடும் உரிமை எவர்க்கு, எந்த ஒழுங்கில் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளைப் பொதுமக்கள் ஒருவரேனும் படிக்கின்றோமா? படியாத விதி, படித்தவனுக்கு மட்டுமே ஊழியஞ் செய்யும்.

மின்வலை எவருடைய தனியுடைமையும் அன்று. அதற்கான விலையை ஒவ்வொரு வீட்டு விளக்கும் திங்கள்தோறும் செலுத்திக்கொண்டிருக்கின்றது. அவ்வலையின் வாயிலில் கற்களை நிறுத்தி விலைபேசுவோரை அகற்றுக. அகற்றும் கையின்மேல் கண் வைத்திருக்க. வெறுங்கலத்தோடு திரும்பிய அக்கிழவிக்கு அன்று யாரும் முறை செய்யவில்லை. இனி வருபவர்க்கேனும் ஒழுங்கு என்னும் முறையும் நயன்மை என்னும் முறையும் ஒன்றாகவே கிடைக்கச் செய்வோமாக!