அடிபட்ட குட்டி யானைக்கு அலங்காரம் எதுக்கு? முதல்ல பிரேக்கைப் பாருங்க!

முகம் நசுங்கிய குட்டி யானை ஒன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கிறது. சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று இன்னும் யாரும் குனிந்து பார்க்கவில்லை. அதற்குள் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது.

"அண்ணே, எப்படியும் செலவு ஆகப் போகுது. இதோட ரெண்டு பட்டை ஏத்திடலாம். முன்னாடி ஒரு கம்பி கார்டு, நாலு எல்.இ.டி., நல்ல ஏர் ஹாரன்... வண்டி சும்மா ஜம்முன்னு இருக்கும்!"

வண்டிக்காரரும் தலையாட்டி விடுகிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மயிலாப்பூர் மாட வீதிக்குக் காய்கறி, தி.நகருக்கு ஜவுளி மூட்டை, அடையாறில் வீடு மாற்றும் சாமான் என்று அலைபவருக்கு வண்டிதான் சோறு போடும் தெய்வம். பார்க்க நன்றாக இருந்தால் நாலு சவாரி கூடக் கிடைக்கும் என்ற ஆசை அவருக்கு.

ஆசை தப்பில்லை. வரிசைதான் தப்பு! இருக்கிற பணம் ஜோடனையில் கரைந்து, பிரேக்குக்கு வரும்போது கை காலியாகிறது.

750 கிலோ வண்டி

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி. ரெட்டை சிலிண்டர் இன்ஜின். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சொருகினால் பாரம் தாங்கும் மாதிரிதான் தெரியும். ஆனால் பிரேக் அதே பிரேக், ஆக்ஸில் அதே ஆக்ஸில், பேரிங் அதே பேரிங். பாரம் ஏற ஏற வண்டி நிற்கும் தூரமும் நீளும். குறுக்கே வரும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தப் பத்தடிதான் உயிர்!

டீசல் பம்பைத் திருகி "இழுவை" கூட்டுவதும் இப்படித்தான். கரும்புகை கக்கும், இன்ஜின் சூடேறும், மைலேஜ் இறங்கும்.

கம்பி கார்டு வேறு விவகாரம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. மோதும்போது நசுங்க வேண்டிய தகடு நசுங்காமல், அடி நேராக சேஸிஸுக்குப் போகும். எதிரே நடந்து வருபவர் கதி சொல்லவே வேண்டாம்.

ஜெயிலும் உண்டு

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அதிக பாரத்துக்கு 20 ஆயிரம், அதற்கு மேல் டன்னுக்கு 2 ஆயிரம். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், அடுத்த விபத்தில் கிளெய்மும் சந்தேகம்தான்.

எது முதல்?

முதலில் சேஸிஸ் பெண்டு. அடுத்து ஸ்டியரிங், பிரேக், டயர். பிறகு விளக்கும் ஒயரிங்கும். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் கடைசியில்தான். கதவு, பம்பர், கண்ணாடி போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்கினால் பரவாயில்லை. பிரேக் ஓஸ், பிரேக் ஷூ, ஸ்டியரிங் சாமான் மட்டும் புதுசாகவே இருக்கட்டும்.

வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் இன்னும் உஷார். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை பார்த்ததுதானே! தண்ணீர் போன இன்ஜினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்தாச்சு என்று அர்த்தம். பிரேக் டிரம்மைக் கழற்றித் துருவைப் பார்க்காமல் பெயின்ட் அடிப்பது, பிணத்துக்குப் பவுடர் பூசுகிற கதைதான்.

இவ்வளவும் முடிந்து கையில் காசு மிஞ்சினால், சீட்டுக்கு நல்ல கவர் போடட்டும், பழைய நிறத்திலேயே பளபளவென்று பெயின்ட் அடிக்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்?

மெக்கானிக்குகளும் ஒன்று செய்யலாம். எந்தச் சாமான் புதுசு, எது பழசு என்று பில்லில் எழுதிக் கொடுக்கலாம். எட்டு வருஷம் தாண்டிய வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்கு வந்தாக வேண்டும். அன்றைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியது மேலே மின்னும் பெயின்டை அல்ல, அடியில் இருக்கும் பட்டையையும் பிரேக்கையும். கூடுதல் பட்டையோடு வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினால், அடுத்த வண்டிக்காரர் தானாகவே கழற்றிவிட்டு வருவார்.

திருவான்மியூர், மந்தைவெளி ஆர்.டி.ஓ. ஆபீஸ்களிலிருந்தே இதை ஆரம்பிக்கலாம். அதிகாரிகள் கொஞ்சம் குனிந்து பார்ப்பார்களா?