சிவப்புத் தண்ணிக்கு எதிராக ஒரு பெரட்டு

தோழர்களே! சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணித் தாமான்களில் பிள்ளை வளர்க்கும் அம்மா அப்பாக்களே!

வரும் ஞாயிறு நம் பாலர் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. பந்தலுக்குப் பின்னால் பெரிய வாளியில் ஐஸ் கட்டியைக் கொட்டிச் சிவப்புச் சிராப்பை ஊற்றிக் கலக்குவது வழக்கம். இந்த ஆண்டு அந்த வாளி வரக் கூடாது. ஆறு நாள்தான் இருக்கிறது.

என் சின்னவனுக்கு ஐந்து வயது. போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு குவளை சிராப்பும் பச்சை ஐசிங் தடவிய கேக்கும் தின்றுவிட்டு வந்தான். எட்டு மணிக்கு நாற்காலி மேல் ஏறிக் குதித்தான். ஒன்பதுக்குக் காரணமே இல்லாமல் தேம்பினான். பதினொன்றாகியும் கண் மூடவில்லை. கழுத்தோரம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. காலையில், “ஏம்மா நேத்து எனக்கு அப்படி ஆச்சு?” என்று அவனே கேட்டான். சொந்தக்காரப் பெரியம்மா ஒருவருக்குச் சந்தேகமே இல்லை: “வளர்க்கத் தெரியல.” இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வாய் மூடி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சீனிதான் காரணம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, அவன் தின்பதைக் குறிக்க நோட்டுப் புத்தகம் போட்டேன். சீனி போட்ட தேத்தண்ணி, பாண்டான் இலை போட்ட கஞ்சி: ஒன்றுமில்லை. நிறம் போட்ட ஜெல்லி: ஆட்டம். ஒரு வீட்டு நோட்டு ஆதாரமாகாது, தெரியும். ஆனால் 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 3 வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், 8-9 வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் சாயம் கலந்த பானத்தையும் கலக்காததையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த வாரம் எது என்று பெற்றோருக்கும் தெரியாது. சாயம் குடித்த நாட்களில் துடுக்கு கூடியது என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். சராசரியில் அது சிறிய மாற்றம்தான். ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது: சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு நன்றாகவே தெரிந்தது. பானத்தில் சோடியம் பென்சோயேட்டும் இருந்ததால் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியவில்லை. அப்படியும் ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை 20 முதல், ஆய்வில் இருந்த ஆறு சாயங்களில் ஒன்று இருந்தாலும் பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று பொட்டலத்தில் அச்சடிக்கச் சொல்லிவிட்டது. கலிபோர்னியா 2024-ல் பள்ளிச் சாப்பாட்டில் ஆறு சாயங்களைத் தடைசெய்யச் சட்டம் போட்டது. அது அமலாவது 2027 கடைசியில்.

நம் கடைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். “மெங்காண்டுங்கி பெவார்னா யாங் டிபெனார்கான்” என்றிருக்கும். அனுமதித்த சாயம் உண்டாம். எந்தச் சாயம்? எண் போட்டிருந்தால் அந்த ஆய்வின் ஆறு சாயங்களான 102, 104, 110, 122, 124, 129 ஆகியவற்றைத் தேடுங்கள். வாளியில் கலக்கிய தண்ணிக்கு எந்த லேபலைத் திருப்புவது? (2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது வேறு கதை. ரோடமின்-பி துணிச்சாயம், சாப்பாட்டுக்கே ஆகாதது. நான் பேசுவது சட்டம் அனுமதித்ததைப் பற்றி.) பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தச் சாயங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கத்திக்கொண்டிருக்கிறது. நாம்தான் காதில் வாங்கவில்லை.

1947-ல் இதே பீடோங் பக்கம், ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. போலீசோடு மோதல் வந்தும் ஒதுங்கவில்லை. அவர்களுக்கு எதிரே நின்றது தோட்ட நிர்வாகம், வெள்ளைக்காரன் சட்டம். நமக்கு எதிரே நிற்பது கரண்டி பிடித்த நம் அக்காதான், அதுவும் பாசத்தோடு. மறியல் இதற்கு உதவாது. சண்டையும் வேண்டாம்.

“உன் பிள்ளைக்குத் தனியா வெறும் தண்ணி கொடுத்துக்கோ” என்று சொல்லிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகள் சிவப்பாகக் குடிக்கும்போது ஒரு ஐந்து வயசுக்காரன் மட்டும் ஓரமாக நின்று பாட்டிலை உறிஞ்சுவதை நான் பார்த்துவிட்டேன். அவனால் தனியாக வேண்டாம் என்று சொல்ல முடியாது. வாளியே மாற வேண்டும்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. வேலியில் படர்ந்த சங்குப்பூவைச் சுடுதண்ணியில் போட்டால் கருநீலம் இறங்கும். ஆறியதும் எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னே ஊதாவாகும். அதைப் பிள்ளைகள் முன்னாலேயே பிழியுங்கள், சிராப்பை ஒருவரும் கேட்க மாட்டார்கள். கோயில் அன்னதானத்துக் கேசரிக்கு மஞ்சள் தூள் போதும். லட்டு வெளுத்திருந்தால் முருகன் கோபிக்க மாட்டார். வீட்டில் நோட்டுப் போடுங்கள். தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் நோட்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி, பந்தல் போடும் இடத்தில் பெரட்டுக்குக் கூடுவோம். அப்பாக்களும் வர வேண்டும், பிழியக் கை வேண்டும். எலுமிச்சை ஐம்பது நான் கொண்டு வருகிறேன். சங்குப்பூ யார் வீட்டு வேலியில் இருக்கிறது? பெரிய வாளி யாரிடம் இருக்கிறது? இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.