தரையில் தேய்த்தால் சிரிக்காதீர்கள்

எங்கள் வீட்டு ஷிட்சு பொம்மி, பின்புறத்தைத் தரையில் தேய்த்தபடி கூடத்தைச் சுற்றி வந்தாள். நான் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தேன். "வயித்துல பூச்சியா இருக்கும்" என்றார் அம்மா. இரண்டு நாளில் அவளிடம் மீன்வாடை. உட்காரவே மறுத்தாள்.

கால்நடை மருத்துவர் விளக்கினார். ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடங்களில், இரண்டு சிறு பைகள் உண்டு. மலம் கெட்டியாகப் போனால் அவை தாமாகவே காலியாகும். இளகிப் போனால் உள்ளே திரவம் தேங்கும். கவனிக்காவிட்டால் சீழ் பிடித்து உடையலாம். சின்ன நாய்களுக்குத்தான் இது அதிகம்.

இப்போது அவள் சாப்பாட்டில் உப்பில்லாமல் வேகவைத்த பூசணி ஒரு கரண்டி. நீங்களாகப் பிதுக்க வேண்டாம். வீக்கமோ ரத்தமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். பாவம், அவள் அன்று வலிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறாள்.